பவர் பத்திரமும் ஒரு கணக்கு நோட்டும்

நம் குடியிருப்பில் ஏதேனும் பத்து வீட்டு பீரோக்களைத் திறந்தால், மூன்று நான்கிலாவது ஒரு பவர் பத்திரம் இருக்கும் என்பது என் ஊகம். அம்மா பெயரில் இருக்கும் ஊர் வீட்டுக்கு வாடகை வசூலிக்க மகனுக்கு ஒன்று. துபாயில் இருக்கும் தம்பியின் பிளாட்டைப் பார்த்துக்கொள்ள அக்காவுக்கு ஒன்று. முழங்கால் வலியால் படி ஏற முடியாத மாமனாருக்குப் பதிலாக அலுவலகங்களுக்குப் போய்வர மருமகனுக்கு ஒன்று. எழுதிய நாளில் படித்ததோடு சரி. சிலர் அன்றைக்கும் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, போட்டோ எடுத்து, உறையில் போட்டு உள்ளே வைத்துவிடுகிறோம்.

அந்தக் காகிதத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லலாம் என்று இருக்கிறேன். வரலாறு எதற்கு, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை வளர்த்தது வியாபாரிகள். தான் போக முடியாத ஊரில் தனக்குப் பதிலாக ஒரு ஆளை நிறுத்தவே அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நாமோ அதை வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் பயன்படுத்துகிறோம். வியாபாரத்துக்கென்று ஏற்பட்ட ஒன்றை முதுமைக்குப் பயன்படுத்தும்போது ஓர் இடத்தில் அது பொருந்தாமல் போகிறது. அந்த இடம் எது என்று தெரியாததால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகளை, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வங்கி கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

முக்தியாரும் ஏஜெண்டும்

உங்கள் தாத்தா காலத்துப் பத்திரங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘முக்தியார்’, ‘முக்தியார்நாமா’ என்ற சொற்கள் கண்ணில் படலாம். நவாபு காலத்து நிர்வாகத்தோடு நம் பத்திரங்களுக்குள் நுழைந்த அரபு, பாரசீகச் சொற்கள் இவை. ஒருவருக்காகச் செயல்பட அதிகாரம் பெற்றவர் முக்தியார். அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் தாள் முக்தியார்நாமா. வக்கீலிடம் இன்றைக்கும் நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ‘வக்காலத்து’ம் இதே வழியில் வந்ததுதான். ‘பவர்’ என்று நாம் சுருக்கிச் சொல்வது ஆங்கிலேயர் சட்டத்தோடு வந்த பெயர்.

இந்தத் தாளை வைத்துக் கடல் தாண்டித் தொழில் செய்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், ரங்கூன் தொடங்கி ஐராவதி ஆற்றின் கழிமுகத்து நெல் விளையும் ஊர்கள் வரை அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் கடைகள் பரவின. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துவது அவர் அனுப்பிய ஏஜெண்டு. கடன் கொடுப்பது, அடமானம் வாங்குவது, வராத கடனுக்குக் கோர்ட்டுக்குப் போவது எல்லாம் முதலாளியின் விலாசத்தில், ஏஜெண்டின் கையெழுத்தில் நடக்கும். அதற்காகத்தான் பவர் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அதற்கு ஒரு தவணை இருந்தது. வழக்கமாக மூன்று வருஷம். அது முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு கப்பலேறி வருவார். பழையவர் பேரேட்டையும் ரொக்கத்தையும் பத்திரங்களையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். இரண்டாவது, கணக்கு. ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏஜெண்டு பெரும்பாலும் சொந்தக்காரராகவோ, தெரிந்த குடும்பத்துப் பிள்ளையாகவோதான் இருப்பார். சொந்தக்காரர் என்பதற்காக யாரும் அவரிடம் கணக்குக் கேட்காமல் இருந்ததில்லை. கணக்குக் கேட்பதை அவமானமாகவும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்பது முதலாளி வேலை, கொடுப்பது ஏஜெண்டு வேலை.

இன்னொன்றும் உண்டு. முதலாளி ஊரில் விழிப்போடு உட்கார்ந்திருந்தார். ஐந்தொகையில் ஒரு தொகை உதைத்தால் அடுத்த தபாலில் கேள்வி போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு சட்டங்கள்

பி.காம். படித்தவர்களுக்கு ‘மெர்க்கன்டைல் லா’ பாடம் நினைவிருக்கும். அதில் நாம் உருப்போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் பத்தாவது அத்தியாயம், 182-ஆம் பிரிவு முதல் 238 வரை, முகவர் என்பவரைப் பற்றியது. பவர் வைத்திருக்கும் மகனும் மகளும் மருமகனும் இந்த அத்தியாயத்துக்குள்தான் வருகிறார்கள். பத்து வருஷம் கழித்து, 1882 மே 1 முதல், அதிகாரப் பத்திரங்களுக்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது விரலில் எண்ணிவிடக்கூடிய சில பிரிவுகளே கொண்ட சின்னச் சட்டம். இங்கிலாந்தில் அதற்கு முந்தைய வருஷம் வந்த சொத்துச் சட்டத்தின் சில பிரிவுகளைப் பார்த்து எழுதியது. இன்றைக்கும் நாம் அதன் கீழ்தான் இருக்கிறோம்.

இந்த இரண்டும் சேர்ந்து, பவர் வைத்திருப்பவருக்கு என்ன கடமை வைக்கின்றன? வக்கீல் பாஷையை விட்டுவிட்டு வீட்டுப் பாஷையில் சொல்கிறேன்.

அதிகாரம் கொடுத்தவர் சொன்னபடி செய்ய வேண்டும். தன் சொந்த வேலையில் காட்டும் அக்கறையோடு நிறுத்தாமல், அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடிய திறமையையும் காட்ட வேண்டும். அவர் கேட்டால் முறையான கணக்குக் கொடுக்க வேண்டும். இது 213-ஆம் பிரிவு. இக்கட்டான நேரத்தில் அவரைத் தொடர்புகொண்டு என்ன செய்வது என்று கேட்க முயல வேண்டும், இது 214. தனக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களை எல்லாம் அவரிடம் சொல்லி, முதலில் சம்மதம் வாங்காமல், அவர் சொத்தைத் தானே வாங்குவதோ தன் பெயரில் பேரம் நடத்துவதோ கூடாது, மறைத்துச் செய்தால் அவர் அந்தப் பேரத்தைத் தள்ளிவிடலாம், இது 215. தெரியாமல் செய்து லாபம் பார்த்தால் அந்த லாபமும் அவருக்குச் சேரும், இது 216. பத்திரம் இடம் கொடுக்காதவரை, தனக்குக் கொடுத்த அதிகாரத்தை இன்னொருவர் கையில் தள்ளிவிடவும் கூடாது. துபாய்த் தம்பி அக்காவுக்குக் கொடுத்த பவரை வைத்து, அக்கா தன் மகனை அனுப்ப முடியாது.

‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. 215-ஆம் பிரிவு அதற்கென்றே எழுதியது போல எனக்குத் தோன்றும்.

காகிதம் சாகும் நேரம்

இப்போது சட்டையில் பொருந்தாத அந்த இடத்துக்கு வருகிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு, முகவரின் அதிகாரம் எப்போதெல்லாம் முடிகிறது என்று பட்டியலிடுகிறது. கொடுத்தவர் ரத்து செய்தால் முடியும். பெற்றவர் வேண்டாம் என்று விலகினால் முடியும். வந்த காரியம் முடிந்தால் முடியும். கொடுத்தவர் திவாலானால் முடியும். இருவரில் ஒருவர் இறந்தால் முடியும். இருவரில் ஒருவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் முடியும்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். மறதி நோயால் அம்மாவுக்கு எதுவும் புரியாமல் போகிற காலத்துக்கு உதவும் என்றுதானே பவர் வாங்கி வைத்தோம்? அவருக்குப் புரியாமல் போன அன்றைக்கே அந்தப் பவரும் போய்விடுகிறது. பக்கவாதம் வந்து அப்பா நினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும்போது, பீரோவிலிருந்து எடுத்துவரும் பவர் பத்திரத்துக்குச் சட்டப்படி உயிர் இல்லை.

இது ஏன் இப்படி என்பதற்கு விடை, நான் மேலே சொன்ன ஐந்தொகையில் இருக்கிறது. முகவர் என்பவர் இன்னொருவரின் கை. தலை ஊரில் இருந்து கேள்வி கேட்கும், நிறுத்து என்று சொல்லும், வேண்டாமென்றால் ரத்து செய்யும். அந்தத் தலை ஓய்ந்துவிட்டால் கையைக் கேட்க ஆளில்லை. ஆகவே கையும் ஓயட்டும் என்று சட்டம் நினைத்தது. வியாபாரத்துக்கு இது சரியான யோசனைதான்.

இங்கிலாந்தில் 1879-ல் தீர்ப்பான ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கும். ஒருவர் தன் மனைவிக்குத் தன் சார்பில் கடனில் பொருள் வாங்க அதிகாரம் கொடுத்திருந்தார். கடைக்காரருக்கும் அது தெரியும். பிறகு கணவருக்கு மனநிலை பாதித்து, காப்பகத்தில் வைக்க வேண்டியதாயிற்று. மனைவி அதே கடையில் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. கணவர் குணமாகித் திரும்பியபின் பில் வந்தது. தர மாட்டேன் என்றார். நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், கணவரின் மனநிலை போனபோதே மனைவியின் அதிகாரம் முடிந்துவிட்டது. ஆனால் அது தெரியாமல் நம்பிக் கொடுத்த கடைக்காரரைக் கைவிட முடியாது, கணவர் பணம் கட்டத்தான் வேண்டும் என்றது. 1910-ல் இன்னொரு வழக்கு. கட்சிக்காரருக்குச் சித்த சுவாதீனம் போனது தெரியாமல் அவர் சார்பில் வழக்கு நடத்திக்கொண்டிருந்த வக்கீல்களையே எதிர்த்தரப்பின் செலவைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். தெரியாமல் செய்தவருக்கே இந்தக் கதி என்றால், தெரிந்தும் செய்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் 1882 சட்டத்தின் மூன்றாவது பிரிவும் இதே போக்கில்தான் இருக்கிறது. கொடுத்தவர் இறந்ததோ, மனநிலை இழந்ததோ, ரத்து செய்ததோ தெரியாமல் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டவருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பு ‘தெரியாமல்’ என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. ஒரே வீட்டில் அம்மாவோடு இருக்கும் மகன், அம்மாவின் நிலை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

அதிகாரம் முடிந்ததும் கடமையும் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை இழந்தாலோ, கையில் இருப்பதைப் பாதுகாத்து வைக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது 209-ஆம் பிரிவு. விற்கும் அதிகாரம் போய்விடும். காவல் இருக்கும் கடமை தங்கிவிடும்.

2011-க்குப் பின்

நம் நாட்டில் பவர் பத்திரத்துக்குக் கெட்ட பெயர் வந்தது வீட்டுமனை வியாபாரத்தால். தில்லியில் குத்தகை நிலத்து வீடுகளை விற்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்ததால், ஒரு விற்பனை ஒப்பந்தம், ஒரு பொது அதிகாரப் பத்திரம், ஒரு உயில் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வீடு கைமாறியது. கிரயப் பத்திரமே கிடையாது. முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று மற்ற மாநிலங்களிலும் இது பரவியது. 2011 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சூரஜ் லாம்ப் வழக்கில், இப்படி வாங்கியது எதுவும் சொத்துரிமையைத் தராது என்று தீர்ப்பளித்தது. பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் வீடு கைமாறாது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. கணவனோ மனைவியோ, மகனோ மகளோ, உடன்பிறந்தவரோ உறவினரோ ஒருவருக்குத் தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ளவும் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் பவர் கொடுப்பது செல்லும், அதை இந்தத் தீர்ப்பு தொடவில்லை என்று நீதிமன்றம் சேர்த்தே சொன்னது. பவர் என்பது பிறர் சார்பில் செயல்படும் முகமை. வைத்திருப்பவர் தன்னை உரிமையாளராக நினைத்துக்கொள்ள அதில் இடமில்லை.

அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, அசையாச் சொத்து பற்றிய பவர் பத்திரங்களைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. வெளிநாட்டில் எழுதப்படுபவற்றுக்கு வழி வேறு. அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பவரை வைத்து ஒருவர் கிரயம் எழுதிக் கொடுக்க வந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவர் சான்று கேட்பதும் நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. உயிரோடு இருக்கிறாரா என்று அந்தச் சான்று சொல்லும். அவருக்குப் புரிகிறதா என்று யார் சொல்வது?

மற்ற நாடுகள் என்ன செய்தன

முதியவர் எண்ணிக்கை கூடக்கூட, இந்த இடைவெளி மற்ற நாடுகளுக்கும் உறைத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1954-ல், கொடுத்தவரின் மனநிலை போனபின்னும் நிலைத்திருக்கும் பவருக்கு வழி செய்தது. பிற மாநிலங்களும் பின்னால் வந்தன. இங்கிலாந்து 1985-ல் அதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2005-ல் மனத்திறன் சட்டத்தின் மூலம் அதை மாற்றி அமைத்தது. புதிய முறையில் பத்திரத்தை அரசின் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பெற்றவர் அந்த முதியவரின் நலனை மட்டுமே பார்த்து நடக்க வேண்டும். தவறினால் விசாரணை உண்டு. நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும் 2010 முதல் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது.

நம் நாட்டில்? 1912-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 1987 மனநலச் சட்டத்திலும், மனநிலை பாதித்தவரின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்கலாம் என்று இருந்தது. 2017-ல் வந்த புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளைப் பற்றி நிறையச் சொன்னது. சொத்து நிர்வாகத்தைப் பற்றிய அந்தப் பகுதியை விட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்று ஒரு வழி உண்டு. சுயநினைவே இல்லாதவர்களின் குடும்பத்தார் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தின் கதவைத்தான் தட்டுகிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல், நினைவிழந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும்.

அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். கட்டிய மனைவி, அதுவும் கணவரின் சிகிச்சைக்கும் குடும்பத்துக்குமாகக் கேட்கிறார். அவரை நம்பித்தான் அதிகாரம் கொடுத்தார்கள். இருந்தும், படுக்கையில் இருப்பவருக்கென ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தார்கள். நம்பிக்கை ஒரு பக்கம், பாதுகாப்பு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நியூயார்க்கில் ஒரு மகன்

நிலைத்திருக்கும் பவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. நியூயார்க்கில் ப்ரூக் ஆஸ்டர் என்று ஒரு பெரும் செல்வச் சீமாட்டி இருந்தார். நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அள்ளிக் கொடுத்தவர். முதுமையில் அவருக்கு மறதி நோய் வந்தது. அவருடைய ஒரே மகன் அந்தோணி மார்ஷல்தான் பவர் வைத்துக்கொண்டு பண விவகாரங்களைக் கவனித்தார். 2006-ல் மார்ஷலின் சொந்த மகனே, பாட்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போனார். 2007-ல் 105-வது வயதில் ப்ரூக் ஆஸ்டர் இறந்தார். 2009-ல் மார்ஷல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அவர்மேல் நிரூபணமான குற்றங்களில் பெரியது எது தெரியுமா? அம்மாவின் பணத்தை நிர்வகிப்பதற்கான தன் சம்பளத்தைத் தானே, முன்தேதியிட்டு, சுமார் பத்து லட்சம் டாலர் உயர்த்திக்கொண்டது. மேல்முறையீடெல்லாம் முடிந்து சிறைக்குப் போனபோது அவருக்கு 89 வயது.

அவர் அந்நியர் இல்லை, ஒரே பிள்ளை. எப்படியும் எனக்கு வரப்போகிற பணம்தானே என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ‘எப்படியும் வரப்போகிறது’ என்பதும் ‘வந்துவிட்டது’ என்பதும் வேறு வேறு. அம்மா உயிரோடு இருக்கும்வரை அது அம்மாவின் மருந்துக்கும், அம்மாவுக்குப் பிடித்த டிகிரி காபிக்கும், அம்மா கொடுக்க நினைக்கும் கோயில் கட்டளைக்குமான பணம்.

கவுன்ட்டரில் பார்த்தவை

வங்கியில் பவர் பத்திரங்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருப்போம். அதில் பெயர் ஏறிய உறவினர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒருவர் பவரோடு வந்து அப்பாவின் சேமிப்புக் கணக்கில் இருந்த பணத்தை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றார். நெற்றியில் விபூதி, நான்கு நாள் தாடி, முகத்தில் களைப்பு. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். கண் கலங்கிவிட்டது. அப்பா போய் மூன்று நாள் ஆகியிருந்தது. காரியச் செலவுக்குத்தான் கேட்டார், ஏமாற்ற வரவில்லை. பவர் இருக்கிறதே, எடுக்கலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். பவர் அப்பாவோடு போய்விட்டது, நியமனதாரர் என்ற முறையில் அம்மா வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று விளக்கி அனுப்பினோம். இந்த விஷயம் தெரியாமல் துக்க வீட்டிலிருந்து வந்தவர்கள் அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர்.

இன்னொருவர் ஒரு பெண்மணி. மூத்த மகள். எட்டு வருஷம் அம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டவர். அம்மாவின் ஓய்வூதியம், வாடகை, வைப்புத் தொகை வட்டி எல்லாம் அவர் கையில். அம்மாவின் நினைவு தெளிவாக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்த பவர். அவரிடம் ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு இருக்கும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். மருந்துக்கடை பில்லை மாதவாரியாக நூலில் கோத்து வைத்திருப்பார். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்களே, அப்படி. இவ்வளவு எதற்கம்மா என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. அம்மா இறந்தபின் தம்பிகள் இருவரும் வங்கிக்கு வந்து, எட்டு வருஷ ஸ்டேட்மென்ட் கேட்டு, அக்கா எவ்வளவு எடுத்தாள் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். குரல் உயர்ந்திருந்தது. அந்த நோட்டுகளை, எட்டு வருஷத்துக்கு ஒன்பது நோட்டு, அந்த அம்மாள் எதுவும் பேசாமல் மேசைமேல் வைத்தார். இளைய தம்பி நாலைந்து பக்கம் புரட்டியதும் மூடி வைத்துவிட்டார். ஓரிடத்தில் ‘தம்பி மகள் பிறந்தநாளுக்கு அம்மா கொடுக்கச் சொன்னது, ரூ. 501’ என்று எழுதியிருந்தது.

கணக்கு என்பது திருடனைப் பிடிக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில், கணக்கு அதிகமாகக் காப்பாற்றியது நேர்மையானவர்களைத்தான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்மேல்தான் தூரத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். அது உலக இயல்பு. வாயால் சொல்லும் பதில் அங்கே எடுபடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

பவர் உங்கள் கையில் இருந்தால், முதலில் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அதில் எழுதியிருப்பதை மட்டுமே நீங்கள் செய்யலாம். வாடகை வசூலிக்கக் கொடுத்த பவரை வைத்து வீட்டை விற்க முடியாது. எந்தப் பவரை வைத்தும் அவருக்காக உயில் எழுத முடியாது.

அவர் பணமும் உங்கள் பணமும் ஒரே கணக்கில் கலக்க வேண்டாம். அவசரத்துக்கு உங்கள் கையிலிருந்து போட்டாலும், நோட்டில் எழுதிவிட்டு, பில்லைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொத்திலிருந்து உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ எதையும் நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் கொடுக்க விரும்பினால், அவர் தெளிவாக இருக்கும்போது அவரே எழுதிக் கொடுக்கட்டும். பவர் கொடுத்துவிட்டதால் அவருக்குத் தன் சொத்தில் பேச்சுரிமை போய்விடவில்லை. சின்ன விஷயமானாலும் கேட்டுச் செய்யுங்கள். கேட்கப்படுவதே வயதானவர்களுக்குப் பாதி மருந்து.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கின் நகலை உடன்பிறந்தவர்களுக்கு அனுப்புங்கள். போனில் படம் எடுத்து அனுப்பினால்கூடப் போதும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்ட பிறகு கொடுக்கும் கணக்கு பதிலாகிவிடும்.

அவர் இறந்தாலோ, இனி அவருக்குப் புரியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாலோ, பவரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ‘யாருக்கும் தெரியப்போவதில்லை’ என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நீங்கள் நல்லதற்குச் செய்ததும் சந்தேகத்துக்கு ஆளாகும். சட்டப்படி காப்பாளர் நியமனத்துக்கு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

தூரத்தில் இருக்கும் உடன்பிறப்புகளுக்கும் ஒரு வார்த்தை. கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை இருப்பது போல, இரவு இரண்டு மணிக்கு எழுந்து அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறவரின் உழைப்பு எந்த நோட்டிலும் ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பெற்றோராக இருக்கும் நமக்கு? நம் நிலை தெளிவாக இருக்கும்போதே சிலவற்றைச் செய்துவிடலாம். வங்கிக் கணக்கை ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக்கலாம். எல்லா வைப்புக்கும் நியமனதாரர் போடலாம். கை நடுங்கிக் கையெழுத்து வராவிட்டால், இரண்டு சாட்சிகள் முன் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரி. அதற்காக மட்டும் பவர் எழுத வேண்டியதில்லை. எழுதுவதானால், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப் பவர் கொடுக்காமல், தேவைப்படும் காரியத்துக்கு மட்டும், ஒரு காலவரம்பு போட்டுக் கொடுங்கள். ரங்கூன் ஏஜெண்டுக்குக்கூட மூன்று வருஷம்தான் கொடுத்தார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அந்த உறையை எடுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, கொடுத்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். கீழே கடையில் நாற்பது பக்க நோட்டு கிடைக்கும். வரும்போது ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.